பூட்டிக் கிடந்த வீடும் எட்டு டாலர் பாக்கியும்

இந்த மாதப் பாடம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் எழுதி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அக்கா கேட்டார். "மேடம், எங்க தெருவுல ஒரு வீடு பன்னெண்டு வருசமா பூட்டிக் கெடக்குது. ஓடு சரிஞ்சு போச்சு. முள்ளு மொளச்சு பாம்பு அடையுது. ராத்திரியில குடிக்கிறவங்க வந்து ஒக்காந்துக்கிறாங்க. வயசுப் புள்ளைங்க அந்தப் பக்கம் போக முடியல. வீட்டுக்காரங்க திருப்பூருக்குப் போனவங்க, திரும்பவே இல்ல. வீட்டுவரியும் கட்டல. இத யாருகிட்ட சொல்றது?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. "பஞ்சாயத்துல மனு குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அது பதில் இல்லை என்று எங்களுக்கே தெரியும். அதனால் இதைப் பற்றித் தேடிப் படித்தோம். படித்ததில் மனசில் நின்றது, அமெரிக்காவில் பிளின்ட் என்ற ஊரின் கதை. அந்த ஊருக்கு நாங்கள் போனதில்லை. ஆனால் அதைப் படிக்கும்போது நம்ம தெருவைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. அதனால் இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக்கொள்கிறோம்.

ஆள் போனபின் ஊர்

பிளின்ட், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. கார் செய்யும் ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1908-ல் அங்கேதான் தொடங்கியது. ஊரே அந்தக் கம்பெனியை நம்பி இருந்தது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. 1960-ல் ஊரில் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் இருந்தார்கள். பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போனது, வேலையைத் தேடி ஆளும் போனார்கள். 2020 கணக்கெடுப்பில் மிஞ்சியது சுமார் 81 ஆயிரம் பேர்.

ஆள் போய்விடலாம், வீடு போகாதே! தெருவுக்குத் தெரு வீடுகள் காலியாகக் கிடந்தன. கதவு, ஜன்னல், செம்புக் குழாய் வரைக்கும் திருடிக்கொண்டு போனார்கள். சில வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பக்கத்தில் குடியிருந்தவர்கள், "இனி இங்க இருக்க முடியாது" என்று அவர்களும் கிளம்பினார்கள். ஒரு வீடு காலியானால் பக்கத்து வீட்டின் விலையும் விழும். வரி கொடுக்கிற ஆள் குறையக் குறைய ஊராட்சியிடம் விளக்குக் கம்பத்துக்கும் குப்பை வண்டிக்கும் பணம் குறையும். மூட்டையில் ஒரு பக்கம் ஓட்டை விழுந்தால் அரிசி முழுக்க ஒழுகிப்போகும் இல்லையா, அந்தக் கதைதான்.

பழைய முறையில் என்ன தவறு?

வரி கட்டாத வீட்டை அரசு எடுத்து ஏலம் விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் செய்த விதம் தப்பு.

மிச்சிகனில் 1999-க்கு முன்னால், வரிப் பாக்கியை வசூலிக்கும் உரிமையையே தனியாருக்கு விற்றுவிடுவார்கள். பாக்கியை வாங்கினவர் வீட்டுக்காரரிடம் வட்டியோடு வசூலிப்பார். வீட்டுக்காரர் கட்டவே இல்லை என்றால் கடைசியில் வீடு அவருக்கு வரும். இதற்கு ஆறு, ஏழு வருடம்கூட ஆகும். அந்த ஆறேழு வருடமும் வீடு யாருடையது என்றே தெரியாது. பழைய சொந்தக்காரர் வரமாட்டார், பாக்கியை வாங்கினவர் எங்கேயோ வேறு ஊரில் உட்கார்ந்திருப்பார். மழைக்கும் திருடனுக்கும் மட்டும்தான் அந்த வீட்டு விலாசம் தெரியும். எல்லாம் முடிந்து பத்திரம் வந்தாலும் அதில் வில்லங்கம் தீராது. வில்லங்கம் உள்ள வீட்டுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

1999-ல் மிச்சிகன் அரசு இதை மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மூன்று வருடக் கணக்கு. முதல் வருடம் வரி கட்டவில்லை என்றால், அடுத்த மார்ச் 1-ந் தேதி அந்தப் பாக்கி 'கவுண்டி' பொருளாளர் கைக்குப் போகும். கவுண்டி என்பது நம்ம மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளாளரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கடுத்த வருடமும் கட்டவில்லை என்றால் வட்டி ஏறும். மூன்றாவது வருடம் நீதிமன்றத்தில் விசாரணை, தீர்ப்பு. மார்ச் கடைசியில் வீடு கவுண்டிக்குச் சொந்தமாகிவிடும். வில்லங்கம் எதுவும் ஒட்டாத சுத்தமான பத்திரம். ஏழு வருடம் இழுத்த வேலை மூன்று வருடத்துக்குள் முடிந்தது.

வட்டி எவ்வளவு என்று கேட்பீர்கள், நம்ம ஆட்களுக்கு அதுதானே முக்கியம்! முதலில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அதாவது மாதம் 1 சதவீதம். அதோடு 4 சதவீதம் நிர்வாகக் கட்டணம். இரண்டாம் கட்டத்துக்குப் போனால் ஒன்றரை ரூபாய் வட்டி.

இதில் இன்னொரு விஷயம். வரிப் பாக்கி வந்து சேரும்வரை நகராட்சியும் பள்ளிக்கூடமும் காத்திருக்க முடியாது இல்லையா? அதனால் கவுண்டியே கடன் வாங்கி அந்தத் தொகையை முன்கூட்டியே அவர்களுக்குக் கொடுத்துவிடும். பிறகு பாக்கிக்காரர் வட்டியோடு கட்டுகிற பணம் கவுண்டிக்கு வரும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? சுழல் நிதி! நம்ம குழுவில் சொல்கிற அதே வார்த்தைதான். படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நில வங்கி

வீடு கவுண்டிக்கு வந்துவிட்டது. அடுத்து என்ன? ஏலம் விட்டால் திரும்ப அதே கதை. எங்கோ இருக்கிறவர் சில நூறு டாலருக்கு வாங்குவார். ஒரு ஆணிகூட அடிக்காமல் வாடகைக்கு விடுவார், வரி கட்டமாட்டார். மூன்று வருடத்தில் வீடு இன்னும் கொஞ்சம் சிதைந்து திரும்பி வரும்.

பிளின்ட் இருக்கிற ஜெனசி கவுண்டியின் பொருளாளராக அப்போது இருந்தவர் டேன் கில்டி. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் போனவர். ஏலத்துக்குப் போகிற வீடுகளைக் கவுண்டியே எடுத்துக்கொண்டு, எதை இடிப்பது, எதைப் பழுது பார்ப்பது, எதை யாருக்கு விற்பது என்று தீர்மானிக்க 2002-ல் ஒரு அமைப்பை உருவாக்கினார். அடுத்து இதற்காகவே மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தபின், அது ஜெனசி கவுண்டி நில வங்கி ஆனது. அமெரிக்காவில் இது முதல் நில வங்கி இல்லை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1971-லேயே தொடங்கிவிட்டார்கள். ஆனால் பிளின்டில் செய்ததைப் பார்த்துத்தான் வேறு பல ஊர்களும் தங்கள் சட்டத்தை மாற்றின.

வங்கி என்றதும் பணம் போட்டு எடுக்கிற இடம் என்று நினைக்காதீர்கள். இங்கே சேருவது வீடும் மனையும். யாருக்கும் வேண்டாத சொத்தை வாங்கி வைத்து, சுத்தம் செய்து, வில்லங்கம் தீர்த்து, தேவைப்படுகிறவர் கைக்கு மாற்றிவிடுவதுதான் வேலை.

செலவுக்குப் பணம்? இதில்தான் சாமர்த்தியம். வரி கட்டாத சொத்து ஏழைத் தெருவில் மட்டும் இருப்பதில்லை. கவுண்டியின் வசதியான பகுதிகளிலும் நல்ல விலை போகிற மனைகள் பாக்கியில் வரும். அதை விற்ற பணத்தை இடிந்த வீட்டுக்குச் செலவு செய்தார்கள். ஒரு நகராட்சி தனியாகச் செய்தால் இது நடக்காது, ஏனென்றால் அதன் கையில் இடிந்த வீடு மட்டும்தான் இருக்கும். மாவட்டம் முழுவதையும் ஒரே பையாக வைத்ததால் நடந்தது. கூட்டமைப்பு எதற்கு என்று கேட்கிற குழுக்களுக்கு நாங்கள் சொல்வதும் இதேதான். வசூல் நன்றாக இருக்கிற குழுவும் தடுமாறுகிற குழுவும் ஒன்றாக இருந்தால்தான் தடுமாறுகிற குழு நிற்கும். இன்னொரு வரவும் உண்டு. நில வங்கி விற்ற வீட்டுக்கு வருகிற சொத்து வரியில் பாதி, ஐந்து வருடத்துக்கு நில வங்கிக்கே வரும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் உரிமை

நில வங்கி செய்த வேலைகளில் பெரிய வேலைதான் பேப்பரில் வரும். ஊர் நடுவில் 1920-ல் கட்டிய டியூரன்ட் என்ற ஹோட்டல் 1973-ல் மூடி, முப்பது வருடத்துக்கு மேல் பாழாய்க் கிடந்தது. அதை நில வங்கி வாங்கி, மற்றவர்களோடு சேர்ந்து புதுப்பித்து, 2010-ல் 93 குடியிருப்புகளாகத் திறந்தார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் எங்களுக்குப் பிடித்தது சின்ன வேலைகள். ஒரு வீட்டை இடித்துவிட்டால் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு துண்டு மனை மிஞ்சும். அதில் புது வீடு கட்ட யாரும் வரப்போவதில்லை. அதனால் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே பெயரளவுக்கு ஒரு விலை வைத்துக் கொடுத்தார்கள். நிபந்தனை பெரிதாக இல்லை. மனை உங்கள் வீட்டை ஒட்டி இருக்கணும், உங்கள் வீட்டுக்கு வரிப் பாக்கி இருக்கக் கூடாது. வாங்கினவர் வேலி போடுவார், தக்காளி நடுவார், பிள்ளைகள் விளையாடுவார்கள். மனைக்கு வரியும் வர ஆரம்பிக்கும். யாரும் கூலி கொடுத்துப் புல் வெட்ட வேண்டாம்.

யாருமே வாங்காத மனைகள் ஆயிரக்கணக்கில் மிஞ்சின. கோடைக்காலம் முழுக்கப் புல் இடுப்பளவு வளரும். 2004-லிருந்து அதற்கு ஒரு திட்டம் போட்டார்கள். தெரு சங்கம், சர்ச், இளைஞர் குழு என்று யாராவது ஒரு பகுதியில் உள்ள மனைகளை மொத்தமாகப் பொறுப்பெடுக்கலாம். கோடை முழுவதும் திரும்பத் திரும்பப் புல் வெட்டி, குப்பை அள்ளி, சில இடத்தில் செடியும் வைப்பார்கள். அதற்கு நில வங்கி குழுவுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும். வெளியூர் காண்டிராக்டருக்குப் போகிற பணம் தெருவிலேயே தங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஐந்து வருடக் கணக்கை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இப்படிக் குழுக்கள் பராமரித்த தெருக்களில் அடிதடி, தாக்குதல் குற்றங்கள், பராமரிக்காத தெருக்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தன. புல் வெட்டினால் அடிதடி குறையுமா? எங்களுக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. பிறகு அந்த அக்கா சொன்ன முள் வீட்டை நினைத்துப் பார்த்தோம். பாம்பும் குடிகாரரும் ஒரே காரணத்துக்காகத்தான் அங்கே வருகிறார்கள், யாரும் பார்ப்பதில்லை என்பதற்காக.

எட்டு டாலர்

இதுவரை படித்துவிட்டு, "ஆஹா, இதையே இங்கேயும் செய்யலாமே" என்று நாங்கள் ஆசையாகக் குறிப்பு எடுத்தோம். அதற்குப் பிறகு படித்தது எங்களைத் தூங்கவிடவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

அதே மிச்சிகனில், வேறு ஒரு கவுண்டியில், ஒருவர் வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கியிருந்தார். வரிப் பாக்கியைக் கட்டினார். கட்டும்போது வட்டிக் கணக்கில் சின்னத் தவறு. 8 டாலர் 41 சென்ட் குறைந்துவிட்டது. நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. அந்தப் பாக்கி கட்டணமும் வட்டியும் சேர்ந்து 285 டாலர் சொச்சம் ஆனது. மூன்று வருடக் கணக்குத் தன் பாட்டில் ஓடியது. கவுண்டி வீட்டை எடுத்து 2014-ல் 24,500 டாலருக்கு விற்றது. பாக்கி போக மீதிப் பணத்தை அவரிடம் கொடுத்திருக்க வேண்டும்தானே? கொடுக்கவில்லை. முழுப் பணத்தையும் கவுண்டியே வைத்துக்கொண்டது. அப்போதைய சட்டம் அதற்கு இடம் கொடுத்தது!

நம்ம குழுவில் ஒருத்தி தவணையில் முந்நூறு ரூபாய் குறைத்துக் கட்டினதற்காக அவள் மாட்டைப் பிடித்து விற்று, மிச்சப் பணத்தையும் குழுவே வைத்துக்கொண்டால் ஊர் என்ன பேசும்?

அவர் நீதிமன்றம் போனார். 2020-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், பாக்கி போக மிச்சம் சொத்துக்காரருக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னது. மின்னசோட்டா மாநிலத்தில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டியின் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அவருக்கு வரி 2,300 டாலர். அபராதமும் வட்டியும் செலவும் சேர்ந்து 15,000 ஆகிவிட்டது. வீட்டை 40,000-க்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் கவுண்டி எடுத்துக்கொண்டது. 2023-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், இது தப்பு என்றார்கள்.

தீர்ப்பு வந்தாலும் பணம் தானாக வீடு தேடி வராது. மிச்சிகனில் 2020 டிசம்பரில் போட்ட சட்டத்தின்படி, வீடு போன வருடம் ஜூலை 1-க்குள் அதற்கென்று உள்ள படிவத்தைக் கையெழுத்துக்குச் சாட்சி வைத்து அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்கு மிச்சம் இல்லை. வீட்டை இழந்து சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிற ஒருவர், பழைய விலாசத்துக்கு வந்த கடிதத்தைப் பார்த்து, தேதிக்குள் படிவம் நிரப்பி அனுப்புவாரா? நீங்களே சொல்லுங்கள்.

யோசித்துப் பார்த்தால், நில வங்கிக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட மிச்சத்திலிருந்து வந்ததுதான். நல்ல மனை விற்ற பணத்தை இடிந்த வீட்டுக்குச் செலவு செய்தார்கள் என்று மேலே பாராட்டினோமே, அந்த நல்ல மனை யாரோ ஒருவர் கையைவிட்டுப் போனது. ஓடிப்போன பணக்காரருடையதாக இருக்கலாம். வேலை போன ஒரு குடும்பத்தினுடையதாகவும் இருக்கலாம். கஷ்டத்தில் இருக்கிற குடும்பத்துக்குத் தவணை நீட்டிக் கொடுக்கப் பொருளாளருக்கு அந்தச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு. பிளின்டில் அதைப் பயன்படுத்திப் பல குடும்பங்களை வீட்டிலேயே இருக்கவிட்டார்கள். எல்லாக் கவுண்டியிலும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

எங்கள் கருத்து இது. ஆள் இல்லாத வீடு வேறு, ஆள் இருக்கிற வீடு வேறு. இரண்டையும் ஒரே சட்டத்தால் அளந்ததுதான் அங்கே நடந்த தவறு. காலி வீட்டுக்கு மூன்று வருடம் அதிகம். குடியிருக்கிற வீட்டுக்கு மூன்று வருடம் குறைவு.

நம்ம ஊருக்கு வந்தால்

பாடத்தைப் படித்துக்காட்டியபோது ஒரு குழுவில், "அப்போ நம்ம பஞ்சாயத்தும் அந்த வீட்ட எடுத்து நமக்குக் குடுக்குமா?" என்று கேட்டார்கள். அப்படி நினைக்க வேண்டாம். அங்கே உள்ள சட்டம் வேறு, இங்கே உள்ளது வேறு. பட்டா நிலம் தனியாருடையது. அதை யாருக்கும் தூக்கிக் கொடுக்கப் பஞ்சாயத்துக்கு உரிமை இல்லை. ஆனால் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடித்துப் பேசுவதை யாரும் தடுக்கவில்லை. கேரளாவில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ குழுப் பெண்கள் தரிசாகக் கிடந்த நிலத்தைக் கண்டுபிடித்து, நிலத்துக்காரரிடம் பேசி, சேர்ந்து பயிர் செய்கிறார்கள். நிலம் அவருடையதாகவே இருக்கும், விளைச்சல் பெண்களுடையது. உள்ளாட்சியும் கூட நிற்கிறது. அதிலும் சிக்கல் உண்டு. பல இடத்தில் எழுத்தில் எதுவும் இல்லாத வாய்ப்பேச்சுதான்.

அந்த அக்காவோடும் குழு ஊக்குநரோடும் நாங்கள் பஞ்சாயத்து அலுவலகம் போனோம். வரிக் கேட்புப் பதிவேட்டைப் பார்த்தால், வீடு செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கிறது. அவருக்கு மூன்று மகன், ஒரு மகள். இரண்டு மகன்களும் இறந்துவிட்டார்கள். பங்கு பிரிக்கவில்லை. யார் வரி கட்டுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் போயிருக்கிறது. திருப்பூரில் இருக்கிற பேரன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினோம். "நாங்க வரமாட்டோம்னு யாரு சொன்னா? முள்ள வெட்டிக்கங்க, ஆனா வீட்டுல கை வைக்காதீங்க" என்றார். அத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்கவே இல்லை! மகளைப் பற்றிக் கேட்டோம். "அத்தை எதுக்கு?" என்றார். அந்த 'எதுக்கு'-க்குப் பதில் சொல்ல இன்னொரு பாடம் வேண்டும், அடுத்த இதழில் எழுதுகிறோம்.

முள் வெட்டிய அன்று நாங்களும் போயிருந்தோம். குழுவில் ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு பாம்பு ஓடியது. பாட்டில் மட்டும் நான்கு சாக்கு.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்துகொண்டன. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடு, முள் மண்டிய மனை எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். பொதுவாகப் "நிறைய இருக்குது" என்று சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் வீட்டுவரி ரசீதைக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்குப் படித்துச் சொல்லுங்கள். மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். ரசீதில் யார் பெயர் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, கடைசியாகக் கட்டியது எந்த வருடம். பத்து ரசீதில் எத்தனை ரசீது இறந்தவர் பெயரில் இருக்கிறது, எத்தனை பெண் பெயரில் இருக்கிறது என்று எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதிகள் அந்தக் கணக்கைக் கொண்டு வர வேண்டும்.